ஆதிக் கிறிஸ்தவர்கள் இயேசுவை வழிபட்டார்களா?

கேள்வி இதுதான்: "கி.பி. 325-இல் நிசேயாவில் பேரரசர் கான்ஸ்டன்டைன் ஆயர்களைக் கூட்டி, வாக்கெடுப்பு நடத்தித்தான் இயேசுவைக் கடவுளாக்கினார். அதுவரை கிறிஸ்தவர்கள் அவரை ஒரு தீர்க்கதரிசியாக மட்டுமே மதித்தார்கள் என்று நண்பர் ஒருவர் அடித்துச் சொல்கிறார். இது உண்மையா? இல்லையென்றால், முதல் கிறிஸ்தவர்கள் இயேசுவை வழிபட்டதற்கு ஆதாரம் என்ன?" இதில் இரண்டு கேள்விகள் ஒன்றோடொன்று முடிச்சு விழுந்து கிடக்கின்றன. இயேசுவை மக்கள் எப்போது வழிபடத் தொடங்கினார்கள் என்பது ஒன்று. பிதாவாகிய கடவுளுக்கும் அவருக்கும் என்ன உறவு என்பதைச் சபை எப்போது வரையறுத்தது என்பது மற்றொன்று. உங்கள் நண்பர் இரண்டாவதன் தேதியை எடுத்து முதலாவதன் மேல் ஒட்டிவிட்டார். குழப்பம் முழுக்க அங்கிருந்துதான் வருகிறது.

நான் ஆதிச் சபை வரலாறு படித்து, அதையே இறையியல் மாணவர்களுக்குக் கற்பித்து வருபவன். விசுவாசியும்கூட, அதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஆனால் இங்கே விசுவாசத்தை முன்வைத்து வாதாடப் போவதில்லை. விசுவாசம் இல்லாத வரலாற்றாசிரியரும் ஒப்புக்கொள்வது எது, அறிஞர்களே இன்னும் பிரிந்து நிற்பது எது என்று பிரித்துச் சொல்லப் பார்க்கிறேன்.

நிசேயாவை முதலில் முடித்துவிடுவோம். இன்றைய துருக்கியில் இஸ்னிக் என்று அழைக்கப்படும் ஊர் அது. 325-ஆம் ஆண்டுக் கோடையில் அங்கே கூடிய ஆயர்கள் (பிஷப்புகள்) ஏறத்தாழ முந்நூறு பேர். 318 என்ற எண் மரபில் நிலைத்துவிட்டது. கூட்டத்தில் கலந்துகொண்ட செசரியா ஆயர் யூசேபியுஸ் 250-க்கு மேல் என்கிறார். கூடியதற்குக் காரணம் அலெக்சாந்திரியாவின் குருவானவர் ஆரியஸ். (ஆரியர் என்ற சொல்லுக்கும் இவருக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.) அவர் "இயேசு வெறும் மனிதர்" என்று சொல்லவில்லை. இதைத்தான் பலர் தவறவிடுகிறார்கள். உலகம் உண்டாவதற்கு முன்பே குமாரன், அதாவது இயேசு, இருந்தார், அவர் வழியாகவே எல்லாம் படைக்கப்பட்டது, அவர் வழிபாட்டுக்குரியவர் என்பதையெல்லாம் ஆரியஸ் ஏற்றுக்கொண்டார். தன் கடிதம் ஒன்றில் குமாரனைக் கடவுள் என்றே குறிப்பிடுகிறார். அவர் மறுத்தது ஒன்றைத்தான்: குமாரன் பிதாவைப் போல ஆதியில்லாதவர் அல்ல, பிதாவால் உண்டாக்கப்பட்டவர், "அவர் இல்லாதிருந்த ஒரு நிலை இருந்தது" என்றார். அதை மறுத்து, குமாரன் படைக்கப்பட்டவர் அல்ல, பிதாவோடு ஒரே தன்மையுடையவர் என்று அறிக்கை எழுதியது நிசேயா. ஆக அந்த மண்டபத்தில் இரண்டு தரப்பாருமே இயேசுவை வழிபட்டவர்கள். வழிபடலாமா கூடாதா என்று அங்கே யாரும் வாதாடவில்லை.

வாக்கெடுப்பு என்பதும் நாம் இன்று நினைக்கிற மாதிரி இல்லை. அறிக்கையில் கையெழுத்திட மறுத்து, கடைசி வரை ஆரியஸோடு நின்று நாடுகடத்தப்பட்டவர்கள் இரண்டே ஆயர்கள்: லிபியப் பகுதியைச் சேர்ந்த செக்குந்துஸ், தியோனாஸ். பேரரசரின் அழுத்தம் இருந்தது, அதை மறைக்க வேண்டியதில்லை. பலர் மனமில்லாமல் கையெழுத்திட்டார்கள் என்பது பின்னால் அவர்கள் நடந்துகொண்ட விதத்திலேயே தெரிகிறது. ஆனால் கான்ஸ்டன்டைனுக்கு வேண்டியது ஒற்றுமை. எந்தக் கோட்பாடு ஜெயித்தது என்பது அவருக்கு இரண்டாம்பட்சம். சில ஆண்டுகளுக்குள் ஆரியஸை அவரே திரும்ப அழைத்துக்கொண்டார். நிசேயா அறிக்கையின் பெரிய காவலரான அத்தனாசியுஸை 335-இல் நாடுகடத்தியவரும் அவரே. 337-இல் சாகும் தறுவாயில் அவருக்கு ஞானஸ்நானம் கொடுத்த நிக்கோமேதியா ஆயர் யூசேபியுஸ், ஆரியஸின் பழைய நண்பர். கான்ஸ்டன்டைனின் மகன் கான்ஸ்டன்சியுஸ் காலத்தில் அரசு முழுக்க எதிர்த்தரப்பின் பக்கம் சாய்ந்திருந்தது. 381-இல் கான்ஸ்டான்டினோபிளில் ஆயர்களின் இரண்டாவது பொதுச் சங்கம் கூடும் வரை சண்டை ஓயவில்லை. ஒரு பேரரசர் ஒரே நாளில் உத்தரவிட்டு முடித்த காரியமாக இருந்திருந்தால் அரை நூற்றாண்டுக்கு மேல் இழுத்திருக்காது. இன்னொன்று: வேதாகமத்தில் எந்தெந்தப் புத்தகங்கள் சேர வேண்டும் என்பதும் நிசேயாவில் தீர்மானிக்கப்படவில்லை. அதுவும் இந்தக் கதையோடு சேர்ந்தே சுற்றிவருகிறது.

சரி, நிசேயாவுக்கு முன்னால் போவோம். எனக்கு மிகவும் பிடித்த சான்று கிறிஸ்தவர் எழுதியதே அல்ல. கி.பி. 112-ஐ ஒட்டி, கருங்கடலின் தென்கரையில் இருந்த பித்தினியா-பொந்து மாகாணத்தின் ஆளுநர் பிளினி, பேரரசர் டிராஜனுக்கு ஒரு கடிதம் எழுதுகிறார். கிறிஸ்தவர்கள் என்று சிலரைப் பிடித்துக்கொண்டு வருகிறார்கள், என்ன செய்வதென்று தெரியவில்லை, வழி சொல்லுங்கள் என்கிறார். தான் இதுவரை செய்ததையும் விவரிக்கிறார். மூன்று முறை கேட்பாராம். விடாப்பிடியாக "கிறிஸ்தவன்தான்" என்பவருக்கு மரணதண்டனை. ரோமக் குடியுரிமை உள்ளவர்களாக இருந்தால் ரோமுக்கு அனுப்பப் பெயர் எழுதி வைப்பார். பெயர் போடாத மொட்டைக் கடிதம் ஒன்றும் வந்திருக்கிறது, அதில் ஒரு பெரிய பட்டியல். அதிலிருந்தவர்களில் "நான் இல்லை" என்று மறுத்தவர்களுக்கு ஒரு சோதனை வைக்கிறார்: தெய்வங்களைப் பெயர் சொல்லி வணங்க வேண்டும், பேரரசரின் சிலைக்கு முன் சாம்பிராணியும் திராட்சைரசமும் படைக்க வேண்டும், கிறிஸ்துவைச் சபிக்க வேண்டும். உண்மையான கிறிஸ்தவர்களை இவற்றில் எதையும் செய்ய வைக்க முடியாதென்று கேள்விப்பட்டாராம்.

பட்டியலில் இருந்த சிலர், "முன்பு இருந்தோம், விட்டுவிட்டோம்" என்கிறார்கள். மூன்று வருடத்துக்கு முன் விட்டவர்கள் உண்டு. இருபது வருடத்துக்கு முன்பே விட்டவர்களும் உண்டு. அவர்கள் வாயிலிருந்து வந்த வாக்குமூலம்தான் நமக்கு முக்கியம். குறித்த ஒரு நாளில் விடிவதற்கு முன் கூடுவோம்; கிறிஸ்துவை ஒரு தெய்வமாகக் கருதி அவருக்கு மாறி மாறிப் பாட்டுச் சொல்வோம்; திருட மாட்டோம், கொள்ளையடிக்க மாட்டோம், விபசாரம் செய்ய மாட்டோம், சொன்ன சொல் தவற மாட்டோம் என்று உறுதி எடுப்போம்; பிறகு கலைந்து போய், மறுபடி கூடிச் சாப்பிடுவோம், அதுவும் சாதாரணச் சாப்பாடுதான். இதை நம்பாமல், சபையில் ஊழியம் செய்துவந்த இரண்டு அடிமைப் பெண்களைச் சித்திரவதை செய்து விசாரித்திருக்கிறார் பிளினி. அவர்களிடமிருந்தும் வேறொன்றும் கிடைக்கவில்லை. அந்த இரண்டு பெண்களின் பெயரைக்கூட அவர் எழுதி வைக்கவில்லை. ஒவ்வொரு முறை இந்தக் கடிதத்தைப் பாடம் எடுக்கும்போதும் அந்த இடத்தில் மனசு நின்றுவிடுகிறது.

இந்தச் சான்றின் எல்லையையும் சொல்ல வேண்டும். "தெய்வமாகக் கருதி" என்பது பல தெய்வங்களை வணங்கும் ஒரு ரோமரின் வார்த்தை. கிறிஸ்தவர்கள் அதை அப்படியே சொன்னார்களா, பிளினி தன் பாணியில் மாற்றி எழுதினாரா என்பது தெரியாது. பாட்டு என்பதும் ராகம் போட்டுப் பாடியதாக இருக்கலாம், ஜெப வாசகமாகவும் இருக்கலாம். ஆனால் நிசேயாவுக்கு 200 ஆண்டுகளுக்கு முன், ரோமிலிருந்தும் எருசலேமிலிருந்தும் தொலைவான ஒரு மாகாணத்தில், கிறிஸ்துவை நோக்கி ஒரு வழிபாடு வழக்கமாக நடந்துகொண்டிருந்தது என்பதில் சந்தேகத்துக்கு இடமில்லை. இருபது வருடத்துக்கு முன் விட்டவர்களின் நினைவும் அதில் அடங்கும் என்றால், முதல் நூற்றாண்டின் கடைசிப் பகுதிக்கே போய்விடுகிறோம்.

வெளியார் கண்ணில் இது எப்படிப் பட்டது என்பதற்கு வேறு தடயங்களும் உண்டு. ரோமில் பலத்தீன் குன்றில் 1857-இல் கண்டெடுத்த ஒரு சுவர்க் கிறுக்கலில், கழுதைத் தலையோடு ஒருவன் சிலுவையில் தொங்குகிறான். கீழே ஒருவன் கையை உயர்த்தி நிற்கிறான். "அலெக்சாமெனோஸ் தன் கடவுளை வணங்குகிறான்" என்று கோணல்மாணலான கிரேக்க எழுத்து. கி.பி. 200-ஐ ஒட்டியது என்பது பொதுவான கணிப்பு, முன்பின் இருக்கலாம். கேலி செய்தவனுக்கும் தெரிந்திருக்கிறது, அந்தச் சிலுவையில் தொங்கியவரைத்தான் அலெக்சாமெனோஸ் கும்பிடுகிறான் என்று. கிரேக்கத் தத்துவ அறிஞர் செல்சுஸ் இரண்டாம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் எழுதிய தாக்குதல் இன்னும் கூர்மையானது: இவர்கள் ஒரே கடவுளை மட்டும் வணங்கினால் மற்றவர்களைக் குறை சொல்ல நியாயம் உண்டு, ஆனால் நேற்று வந்த ஒரு மனிதனை அளவுக்கு மீறி வணங்குகிறார்களே என்கிறார். அவருடைய நூல் அழிந்துவிட்டது. மறுப்பு எழுதிய கிறிஸ்தவ அறிஞர் ஒரிகன் வரிவரியாக மேற்கோள் காட்டியதால்தான் நமக்குத் தெரிகிறது. 2005-இல் இஸ்ரேலின் மெகிதோ சிறை வளாகத்தில் தோண்டியபோது ஒரு மொசைக் தரை கிடைத்தது. அகெப்தூஸ் என்ற பெண், "கடவுளாகிய இயேசு கிறிஸ்துவுக்கு" நினைவாக ஒரு மேசையைக் காணிக்கையாகக் கொடுத்ததாக அதில் கிரேக்கத்தில் எழுதியிருக்கிறது. அகழ்ந்தவர்கள் கி.பி. 230 அளவில் என்கிறார்கள். சிலர் இன்னும் பிந்தைய தேதி சொல்கிறார்கள்.

இவையெல்லாம் இரண்டாம், மூன்றாம் நூற்றாண்டு. கேள்வியின் உயிர்நாடி முதல் சில பத்தாண்டுகளில் இருக்கிறது. அங்கே நம் கையில் இருக்கும் மிகப் பழைய எழுத்து, அப்போஸ்தலரான பவுல் சபைகளுக்கு எழுதிய கடிதங்கள். இயேசு சிலுவையில் அறையப்பட்டது 30 அல்லது 33 என்று வைத்துக்கொண்டால், தெசலோனிக்கேயருக்கு எழுதிய முதல் கடிதம் ஏறத்தாழ 50-ஆம் ஆண்டு. இருபது வருட இடைவெளிதான். பவுல் இந்தக் கடிதங்களில் இயேசுவின் உயர்வைப் பற்றி வாதாடிக்கொண்டிருக்கவில்லை. விருத்தசேதனம், உணவு, திருமணம் என்று எத்தனையோ விஷயங்களில் சண்டை பிடிக்கிறார், ஆனால் இயேசுவை நோக்கிக் கூப்பிடுவதைப் பற்றி ஒரு சண்டையும் இல்லை. வாசிப்பவர்கள் ஏற்கெனவே அப்படித்தான் செய்துகொண்டிருக்கிறார்கள் என்ற எண்ணத்திலேயே எழுதுகிறார். கொரிந்தியருக்கு எழுதும்போது, எல்லா இடத்திலும் கர்த்தராகிய இயேசுவின் நாமத்தைத் தொழுதுகொள்ளுகிறவர்கள் என்றே கிறிஸ்தவர்களை அடையாளப்படுத்துகிறார். தன் சரீரத்திலிருந்த முள்ளை நீக்கச் சொல்லி மூன்று தரம் கர்த்தரை வேண்டிக்கொண்டேன் என்கிறார். சூழலைப் பார்த்தால் அங்கே கர்த்தர் கிறிஸ்துதான்.

இரண்டு இடங்களைக் கொஞ்சம் நெருங்கிப் பாருங்கள். பிலிப்பியர் இரண்டாம் அதிகாரத்தில், இயேசுவின் நாமத்தில் முழங்கால் யாவும் முடங்கும், நாவு யாவும் அவரைக் கர்த்தரென்று அறிக்கையிடும் என்று வருகிறது. அந்த வரி எங்கிருந்து வந்தது? ஏசாயா 45. அங்கே "என்னைத் தவிர வேறு தேவனில்லை" என்று பேசுகிற கடவுளே "முழங்கால் யாவும் எனக்கு முன்பாக முடங்கும்" என்கிறார். ஒரே கடவுளைப் பற்றி எபிரெய வேதம் மிகக் கண்டிப்பாகப் பேசும் பகுதியிலிருந்து வரியை எடுத்து, சில பத்தாண்டுகளுக்கு முன் சிலுவையில் செத்த ஒருவருக்குப் பொருத்துகிறார்கள். இன்னொன்று கொரிந்தியர் முதல் கடிதம் எட்டாம் அதிகாரம். "இஸ்ரவேலே, கேள்: நம்முடைய தேவனாகிய கர்த்தர் ஒருவரே கர்த்தர்" என்பது ஒவ்வொரு யூதரும் நாள்தோறும் சொல்லும் அறிக்கை. பவுல் அதிலுள்ள தேவன், கர்த்தர் என்ற இரண்டையும் பிரித்து, பிதாவாகிய ஒரே தேவன், இயேசு கிறிஸ்து என்னும் ஒரே கர்த்தர் என்று எழுதுகிறார். ஒரு யூதர் கையால் எழுதிய வரி இது. முதல் முறை இதை உணர்ந்து படித்தால் யாருக்கும் தூக்கிவாரிப் போடும்.

இதுவெல்லாம் கிரேக்க மண்ணில், பல தெய்வ வழிபாட்டுப் பழக்கத்தால் வந்த கலப்பு என்று 1913-இல் வில்ஹெல்ம் பூசெட் என்ற ஜெர்மானிய அறிஞர் வாதிட்டார். நெடுநாள் செல்வாக்கோடு இருந்த கருத்து. அதற்கு இடிக்கிற ஒரு சிறிய விஷயம் கொரிந்தியர் முதல் கடிதத்தின் கடைசியில் இருக்கிறது: "மாரநாதா". "எங்கள் ஆண்டவரே, வாரும்" என்ற அரமேய வேண்டுதல். கிரேக்கம் பேசும் கொரிந்து மக்களுக்குக் கிரேக்கத்தில் எழுதும் கடிதத்தில், மொழிபெயர்க்காமல் அப்படியே அரமேயத்தில் விடுகிறார். திதாகே என்ற பழைய சபை ஒழுங்கு நூலிலும் நற்கருணை ஜெபத்தின் முடிவில் இதே சொல் வருகிறது. அப்படியானால் இது அரமேயம் பேசிய பாலஸ்தீனச் சபைகளிலேயே வழக்கத்தில் இருந்த வேண்டுதலாக இருக்க வேண்டும். இயேசுவை நோக்கிக் கூப்பிடும் பழக்கம் முதல் யூதச் சீடர்களிடமே இருந்தது என்று லாரி ஹர்ட்டாடோ போன்ற அறிஞர்கள் சொல்வதற்கு இது முக்கியமான தூண். என் பார்வையில் இந்த வாதம் வலுவானது.

இனி சந்தேகமான பகுதி. இதையெல்லாம் முழுமையான அர்த்தத்தில் வழிபாடு என்று சொல்லலாமா? இங்கேதான் நல்ல அறிஞர்கள் பிரிகிறார்கள். ஜேம்ஸ் டன் இந்தக் கேள்வியையே தலைப்பாக வைத்து 2010-இல் ஒரு நூல் எழுதினார். புதிய ஏற்பாட்டில் பெரும்பாலான ஜெபங்களும் ஸ்தோத்திரங்களும் கிறிஸ்து வழியாகப் பிதாவை நோக்கியே போகின்றன, ஆகையால் இயேசுவை வழிபட்டார்கள் என்று பொதுப்படையாகச் சொல்வது சரியாகாது என்பது அவர் எச்சரிக்கை. அதில் உண்மை இருக்கிறது. சுவிசேஷங்களில் இயேசுவின் காலில் விழுகிற காட்சிகளை மட்டும் வைத்து முடிவு கட்டக் கூடாது. அந்தக் காலத்தில் அரசன் காலிலும் விழுவார்கள், கடன் கொடுத்தவன் காலிலும் விழுவார்கள். குஷ்டரோகி ஒருவன் விழுந்து பணிந்தான் என்பதால் அவன் இயேசுவைக் கடவுளென்று அறிந்தான் என்று சொல்ல முடியாது.

ஆனால் புதிய ஏற்பாட்டின் கடைசி நூலான வெளிப்படுத்தின விசேஷத்தில் நிலைமை வேறு. அந்நூலில் யோவான் இரண்டு முறை தேவதூதன் காலில் விழுகிறார். இரண்டு முறையும் தூதன் தடுத்து, நானும் உன்னைப் போல ஊழியக்காரன்தான், தேவனைத் தொழுதுகொள் என்கிறான். யாரை வணங்கலாம், யாரை வணங்கக் கூடாது என்பதில் அவ்வளவு கறாரான அதே நூல், ஐந்தாம் அதிகாரத்தில் சிங்காசனத்தில் வீற்றிருக்கும் கடவுளுக்கும் ஆட்டுக்குட்டியானவராகிய இயேசுவுக்கும் சேர்த்து ஒரே துதியை வானத்திலும் பூமியிலும் உள்ள எல்லாச் சிருஷ்டிகளின் வாயிலும் வைக்கிறது. எழுதியவர் தெரியாமல் செய்த காரியமாக இருக்க முடியாது.

ஒரே கடவுள் என்பதில் உயிரையும் விடத் தயாராக இருந்த யூதர்களால் இது எப்படி முடிந்தது? இதற்கு முழுமையான விடை யாரிடமும் இல்லை. கடவுளின் ஞானம் படைப்புக்கு முன்பே அவரோடு இருந்ததாக நீதிமொழிகள் எட்டாம் அதிகாரம் பாடுகிறது. அலெக்சாந்திரியாவின் யூத அறிஞர் ஃபைலோ, கடவுளின் லோகோஸை (வார்த்தையை)ப் பற்றி வியப்பூட்டும் விதத்தில் பேசுகிறார். ஏனோக்கு என்ற பழைய யூத நூலின் ஒரு பகுதியில் மனுஷகுமாரன் மகிமையின் ஆசனத்தில் உட்காருகிறார், பூமியின் குடிகள் அவர்முன் விழுகிறார்கள்; ஆனால் அந்தப் பகுதி சாக்கடல் அருகே கிடைத்த பழைய யூதச் சுருள்களில் இல்லை, காலமும் விவாதத்துக்குரியது. "வானத்தில் இரண்டு வல்லமைகள்" என்ற போதனையை யூத ரபிகள் கண்டிப்பதும் பிற்கால நூல்களில்தான். இவையெல்லாம் வீட்டின் கதவு ஏற்கெனவே சற்றுத் திறந்திருந்தது என்று காட்டலாம். ஆனால் இந்த உருவங்களில் எதற்கும் ஒரு கூட்டம் வாரந்தோறும் கூடிப் பாடி, அதன் பெயரில் ஞானஸ்நானம் கொடுத்து, அதன் பந்தியில் அமர்ந்ததாகச் சான்று இல்லை. அது இயேசுவின் சீடர்களிடம் புதியது. உயிர்த்தெழுந்தவரைக் கண்டோம் என்ற அவர்களுடைய உறுதிதான் அந்தப் புதுமையின் ஊற்று என்பதை விசுவாசம் இல்லாத ஆய்வாளர்கள் பலரும் ஒப்புக்கொள்கிறார்கள். அவர்கள் கண்டது என்ன என்பதில்தான் பிரிவு.

இயேசு தன்னைப் பற்றி என்ன சொன்னார் என்பது இன்னும் கடினம். "என்னை நல்லவன் என்று சொல்வானேன்? தேவன் ஒருவர் தவிர நல்லவன் ஒருவனும் இல்லையே" என்று மாற்கு நற்செய்தியில் கேட்கிறார். யோவான் நற்செய்தியில் "பிதா என்னிலும் பெரியவர்" என்கிறார். அதே நற்செய்தியின் இறுதியில் தோமா "என் ஆண்டவரே, என் தேவனே" என்று சொல்வதை ஏற்றுக்கொள்கிறார். யோவானின் முதல் வரி அவரை ஆதியிலிருந்தே கடவுளோடு வைக்கிறது. அப்போஸ்தலர் நடபடிகளில் பேதுருவின் பிரசங்கமோ, தேவன் அவரை ஆண்டவரும் கிறிஸ்துவுமாக்கினார் என்று உயிர்ப்புக்குப் பின் கிடைத்த உயர்வாகப் பேசுகிறது. முதலில் உயர்த்தப்பட்டவர், பிறகு படிப்படியாக ஆதியிலேயே இருந்தவர் என்று எண்ணம் வளர்ந்தது என்கிறார்கள் சிலர். பிலிப்பியர் இரண்டாம் அதிகாரம் இரண்டையும் ஏற்கெனவே ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறதே என்கிறார்கள் மற்றவர்கள். நான் இரண்டாவது தரப்பில் நிற்கிறேன், ஆனால் முதல் தரப்பைப் பொய் என்று தள்ள மாட்டேன்.

எல்லோரும் ஒரே குரலில் பாடினார்கள் என்றும் நினைத்துவிடாதீர்கள். எபியோனியர் என்ற யூதக் கிறிஸ்தவக் குழு இயேசுவை மனிதராகப் பிறந்த மேசியா என்று மட்டுமே ஏற்றது. உங்கள் நண்பர் சொல்வதற்கு ஏதாவது உண்மையான அடிப்படை உண்டென்றால் அது இவர்களே. ஆனால் நமக்குத் தெரிந்தவரை அவர்கள் சிறுபான்மை. ரோமில் இரண்டாம் நூற்றாண்டின் இறுதியில் தியோதோத்துஸ் என்ற தோல் தொழிலாளி, இயேசு மனிதரே, ஆவியால் நிரப்பப்பட்டவர் என்று போதித்து, ஆயர் விக்டரால் விலக்கப்பட்டார். அவருடைய கூட்டத்தை மறுத்து எழுதிய பெயர் தெரியாத ஒருவர் வைத்த வாதம் என்ன தெரியுமா? ஆதி முதல் விசுவாசிகள் எழுதிய பாடல்கள் எத்தனை இருக்கின்றன, அவையெல்லாம் கிறிஸ்துவைக் கடவுளென்று பாடுகின்றனவே என்பது. இதே காலத்தில் எதிர்ப்பக்கம் இன்னொரு கூட்டமும் இருந்தது: இயேசு கடவுள்தான், மனித உடல்தான் வெறும் தோற்றம் என்றவர்கள். அவர் உண்மையில் மாம்சத்தில் வந்தார் என்று யோவானின் கடிதம் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் அப்படிப்பட்ட போதனைதான். முதல் நூற்றாண்டுகளில் அவருடைய மனிதத்தன்மைக்கும் வாதாட வேண்டியிருந்தது.

பாடல் சார்ந்த சண்டை அதோடு நிற்கவில்லை. அந்தியோகியா ஆயர் சமோசாத்தாவின் பவுல் 268-இல் பதவி நீக்கப்பட்டபோது, ஆயர்கள் எழுதிய கடிதத்தில் ஒரு குற்றச்சாட்டு: நம் ஆண்டவர் இயேசு கிறிஸ்துவுக்கான பாடல்களை, நவீனமானவை, சமீபத்தவர்கள் எழுதியவை என்று சொல்லி நிறுத்திவிட்டார், பாஸ்காப் பண்டிகை (ஈஸ்டர்) நாளில் பெண்களைக் கொண்டு தன்னையே புகழ்ந்து பாட வைத்தார். எதிரிகள் எழுதியது என்பதால் இரண்டாவது பாதியைச் சற்றுச் சந்தேகத்தோடுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். ஆனால் அந்தப் பாடல்கள் எவ்வளவு ஆழ வேரூன்றியிருந்தால் அவற்றை நிறுத்தியதே ஒரு குற்றமாகியிருக்கும்! சபைக்குள்ளேயே தயக்கம் இருந்ததற்கும் சான்று உண்டு. மூன்றாம் நூற்றாண்டின் மாபெரும் அறிஞரான ஒரிகன், ஜெபத்தைப் பற்றிய தன் நூலில், சரியான அர்த்தத்தில் ஜெபம் பிதாவுக்கு மட்டுமே, கிறிஸ்துவின் வழியாகச் செய்ய வேண்டும் என்கிறார். அதே ஒரிகன் செல்சுஸுக்குப் பதில் எழுதும்போது குமாரனை நோக்கி ஜெபிப்பதற்கும் இடம் கொடுக்கிறார். எளிய விசுவாசிகள் தயக்கமின்றி இயேசுவைக் கூப்பிட்டார்கள். அதை எப்படி விளக்குவது என்பதில் படித்தவர்கள் திணறினார்கள். இலக்கியம் கண்டதற்கு இலக்கணம் என்று நாம் சொல்வோமே, அதுதான் இங்கே நடந்தது. நிசேயா எழுதியது இலக்கணம்.

அத்தனாசியுஸ் ஆரியஸின் ஆட்களைப் பார்த்துக் கேட்டதும் இதைத்தான்: நீங்களும் குமாரனை வணங்குகிறீர்கள், அவர் படைக்கப்பட்டவர் என்றால் படைப்பை வணங்குவது சிலை வழிபாடு ஆகாதா? வழிபாடு இருதரப்புக்கும் பொதுவாக இருந்ததால்தான் அந்தக் கேள்விக்குக் கூர்மை வந்தது. சண்டை கோயிலுக்குள் எவ்வளவு நுழைந்தது என்பதற்கு அந்தியோகியா ஆயர் லியோந்தியுஸ் நல்ல உதாரணம். நான்காம் நூற்றாண்டின் நடுவில், துதி வாசகத்தில் சிலர் "பிதாவுக்கும் குமாரனுக்கும் பரிசுத்த ஆவிக்கும்" என்று சமமாகச் சொன்னார்கள். சிலர் "குமாரன் வழியாக, ஆவியில், பிதாவுக்கு" என்றார்கள். லியோந்தியுஸ் எதைச் சொல்கிறார் என்று பக்கத்தில் நின்று காது கொடுத்துக் கேட்டாலும் தெரியாதாம். அந்தப் பகுதியை வாய்க்குள்ளேயே சொல்லிவிட்டு, "சதாகாலங்களிலும்" என்பதை மட்டும் சத்தமாகச் சொல்வாராம். அப்புறம் 375-ஐ ஒட்டி, செசரியா என்ற பெயருள்ள வேறொரு ஊரின் (கப்பதோக்கியாவில் உள்ளது) ஆயர் பசில், இந்தத் துதி வாசகத்தின் வேற்றுமை உருபுகளுக்காகவே ஒரு நூல் எழுத வேண்டிவந்தது.

உங்கள் நண்பரோடு பேசும்போது ஒரு விஷயத்தில் கவனமாக இருங்கள். நம் பழைய தமிழ் வேதாகமத்தில் 1 யோவான் 5:7-இல் "பிதா, வார்த்தை, பரிசுத்த ஆவி" மூவரும் ஒன்றாயிருக்கிறார்கள் என்று இருக்கும். அந்த வரி பழைய கிரேக்கக் கைப்பிரதிகளில் இல்லை. லத்தீன் மரபிலிருந்து வந்தது. டச்சு அறிஞர் எராஸ்முஸ் 1516-இலும் 1519-இலும் அச்சிட்ட கிரேக்கப் புதிய ஏற்பாட்டில் அதைச் சேர்க்கவில்லை, எதிர்ப்பு வந்த பிறகு 1522-இல்தான் சேர்த்தார். 1 தீமோத்தேயு 3:16-இல் "தேவன் மாம்சத்திலே வெளிப்பட்டார்" என்பதிலும், மிகப் பழைய பிரதிகளில் "தேவன்" என்ற சொல் இல்லை. ரோமர் 9:5-இல் நிறுத்தக்குறியை எங்கே போடுவது என்பதைப் பொறுத்து, கடவுள் என்ற சொல் கிறிஸ்துவைக் குறிக்கலாம், பிதாவைக் குறிக்கலாம். இவற்றை எடுத்துக்கொண்டு வாதத்துக்குப் போனால் விஷயம் தெரிந்தவர் ஒரு நிமிடத்தில் மடக்கிவிடுவார். தேவையும் இல்லை. மாரநாதாவும் பிலிப்பியர் இரண்டும் பிளினியின் கடிதமும் எந்தப் பிரதிப் பிரச்சினையும் இல்லாமல் நிற்கின்றன.

கடைசியாக, இந்தச் சான்றுகள் எதைச் செய்யாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். முதல் சீடர்கள் இயேசுவை வழிபட்டார்கள் என்பதை வரலாறு நன்றாகவே காட்டும். அவர்கள் செய்தது சரியா என்பதை அது காட்டாது. நான் அந்தப் பாடலில் சேர்ந்து பாடுபவன். உங்கள் நண்பர் சேராமல் இருக்கலாம், அது அவருடைய மனசாட்சி. ஆனால் 325 என்ற தேதியை மட்டும் அவர் விட்டுவிடத்தான் வேண்டும். விவாதத்தைத் தொடங்கும் முன் இருவரும் பிளினியின் கடிதத்தையும் அதற்கு டிராஜன் எழுதிய குட்டிப் பதிலையும் சேர்ந்து படியுங்கள். இரண்டும் சேர்த்து அரைமணி நேரம்கூட ஆகாது.